கூட இருப்பவர் வெளியே நின்ற காலம்: பெருந்தொற்றில் மருத்துவமனைத் தடைகளும் அவற்றின் விளைவுகளும்

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

கோவிட் பரவலை உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று பெருந்தொற்று என அறிவித்தது. அடுத்த சில வாரங்களில் நியூயார்க், லண்டன், டெல்லி, சென்னை என்று பார்த்த இடமெல்லாம் மருத்துவமனை வாசலில் ஏறக்குறைய ஒரே உத்தரவுதான்: நோயாளி உள்ளே, உறவினர் வெளியே. அந்த உத்தரவு என்ன செய்தது என்பதைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்தவை. அவற்றில் வரும் உறவினர், பார்த்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறவர். ஆகவே அவர் வராமல் போன இழப்பும் பெரும்பாலும் மன இழப்பாகவே அளக்கப்படுகிறது.

அந்த அளவில் தவறில்லை. ஆனால் நமக்கு அது போதாது. தமிழக அரசு மருத்துவமனையில் நோயாளியோடு இருப்பவர் அந்த வார்டு ஓடுவதற்குக் காரணமானவர்களில் ஒருவர். அவரை வெளியேற்றியது தொற்றுக் கட்டுப்பாடு மட்டுமல்ல, ஆட்குறைப்பும்கூட. ஆட்குறைப்பு என்ற அந்தப் பாதியைக் கணக்கில் எடுக்காமலே தடை விதிக்கப்பட்டது என்பது இக்கட்டுரையின் வாதம். வெளிநாட்டு ஆய்வுகளை இந்த வாதத்துக்கு உதவும் அளவுக்கே எடுத்துக்கொள்கிறேன்.

2. தடைக்கு நியாயம் இருந்தது

2.1 தென்கொரியா, 2015

தடையே மூடத்தனம் என்று இன்று பேசுவது எளிது. அப்படிப் பேசுகிறவர்கள் தென்கொரியாவில் 2015இல் நடந்ததைப் படிக்க வேண்டும். மேற்காசியாவிலிருந்து திரும்பிய ஒருவர் வழியாக மெர்ஸ் நோய் அங்கே நுழைந்தது. 186 பேருக்குத் தொற்று உறுதியானது. 38 பேர் இறந்தனர். ஊருக்குள் பரவியதைவிட மருத்துவமனைகளுக்குள் பரவியதே ஏறக்குறைய முழுக் கதையும். நோயுற்றவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் நோயாளிகளின் குடும்பத்தினரும் பார்க்க வந்தவர்களும்தான்.

காரணம் நமக்கு அந்நியமானதல்ல. கொரியாவிலும் நோயாளியோடு குடும்பத்தார் ஒருவர் கட்டிலருகிலேயே தங்குவது வழக்கம். குடும்பத்தால் முடியாவிட்டால் கூலிக்கு ஆள் வைப்பார்கள். சியோலின் சாம்சங் மருத்துவ மையத்தில் அவசர சிகிச்சைப் பிரிவு நிரம்பி வழிந்த நிலையில், அங்கே மே இறுதியில் மூன்று நாள் இருந்த ஒரே நோயாளியிடமிருந்து 82 பேருக்குத் தொற்று போனது. நெரிசலான அறை, நோயாளிக்கு ஒரு துணை, வந்து போகும் சொந்தக்காரர்கள்: இந்தச் சித்திரத்தில் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றினால் நம்முடைய எந்தத் தலைமை மருத்துவமனைக்கும் அது பொருந்தும்.

2.2 பாஸ்டன், 2020

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு பெரிய போதனா மருத்துவமனை, கோவிட்டின் முதல் பன்னிரண்டு வாரங்களில் தன்னிடம் சேர்ந்த 9,149 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தது. மருத்துவமனைக்குள்ளேயே தொற்று பெற்றவர்கள் என்று கருதத் தக்கவர்கள் இருவர்தான். அவர்களில் ஒருவருக்கு நோய் வந்த வழி, அறிகுறி தெரியும் முன் நாள்தோறும் வந்து பார்த்துக்கொண்டிருந்த வாழ்க்கைத்துணை. பார்வையாளர் தடையும் எல்லோருக்கும் முகக்கவசம் என்ற விதியும் வருவதற்கு முன்பு நடந்தது அது.

இதை இரண்டு பக்கமும் வாதாடப் பயன்படுத்தலாம். உறவினர் வழியே தொற்று வரும் என்பது மெய். அதே சமயம், முகக்கவசம், பரிசோதனை, தனிமைப்படுத்தல் எல்லாம் ஒழுங்காக நடந்த இடத்தில் ஒட்டுமொத்த ஆபத்து மிகச் சிறியதாக இருந்தது என்பதும் மெய். தடை தனியாக எவ்வளவு காத்தது, முகக்கவசம் எவ்வளவு காத்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். எல்லாம் அடுத்தடுத்த சில வாரங்களுக்குள் நடைமுறைக்கு வந்தவை.

3. கூட இருப்பவர் என்னென்ன செய்கிறார்

அரசு மருத்துவமனையில் ஒருவரைச் சேர்த்ததும் கேட்கப்படும் முதல் கேள்விகளில் ஒன்று, “கூட யார் இருக்கா?” என்பது. பதில் சொன்னவர் கையில் ஒரு பாஸ் கொடுக்கப்படும். அதன்பின் அவருடைய வேலை நேரத்துக்கு முடிவில்லை. விடியற்காலையில் ஃபிளாஸ்க்கோடு வெந்நீருக்கு நிற்பது, பல் துலக்க வைப்பது, பெட்பேன் வைத்து எடுப்பது, துணி மாற்றுவது, கஞ்சியை ஆற்றி ஸ்பூனில் ஊட்டுவது எல்லாம் அவர்தான். ரத்த மாதிரிக் குழாயையும் சீட்டையும் வாங்கிக்கொண்டு லேப் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று தேடிப் போவது, ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்துத் தள்ளுவது, ரிப்போர்ட் வந்ததா என்று மாலையில் மறுபடி போய்ப் பார்ப்பதும் அவரே. இரவில் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுப்பவர், ட்ரிப்ஸ் பாட்டிலில் கடைசி விரற்கடை மருந்து இறங்கும்போது எழுந்து “சிஸ்டர், தீரப்போகுது” என்று குரல் கொடுப்பார். மூன்றாம் கட்டிலில் இருப்பவருக்கு மூச்சு வேறு மாதிரி வாங்குகிறது என்பதை முதலில் கவனிப்பதும் பல நேரம் நான்காம் கட்டிலின் அட்டெண்டர்தான்.

இது பாசத்தின் மிகுதியால் மட்டும் உருவான வழக்கமல்ல. போதனா மருத்துவமனைப் பொது வார்டில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் வேண்டும் என்பது இந்திய செவிலியர் குழுமத்தின் அளவுகோல். எந்த அரசு வார்டிலாவது இரவுப் பணியில் அந்த விகிதத்தைப் பார்த்தவர்கள் கை தூக்கலாம். அளவுகோலுக்கும் நடைமுறைக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பல பத்தாண்டுகளாகக் குடும்பங்கள் நிரப்பிவருகின்றன. பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள், தாய். சம்பளப் பட்டியலில் இல்லாததால் இந்த உழைப்பு பட்ஜெட்டிலும் இல்லை. பட்ஜெட்டில் இல்லாத ஒன்றை நிறுத்தும்போது அதற்கு மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும் என்ற நினைப்பு யாருக்கும் வராது.

4. வேலை நின்றபோது

கோவிட் வார்டுகளில் இந்த ஆட்கள் ஒரே நாளில் காணாமல் போனார்கள். எஞ்சிய செவிலியர் பாதுகாப்பு உடைக்குள் இருந்தார். அந்த உடையை மாட்டினால் தண்ணீர் குடிக்க முடியாது, கழிவறைக்குப் போக முடியாது, கண்ணாடியில் ஆவி படியும். பணி முடியும் மட்டும் அப்படியே நிற்க வேண்டும். வேலை இரு மடங்காகி, அதைச் செய்யும் வேகம் பாதியான நிலை அது. ஆக்சிஜன் முகமூடி போட்ட முதியவருக்கு ஒரு தம்ளர் கஞ்சியை முழுதாக ஊட்டி முடிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது ஊட்டியவர்களுக்குத் தெரியும். ஒரு வாய் கொடுத்து, முகமூடியைப் போட்டு, மூச்சு நிதானமாகும் வரை காத்திருந்து அடுத்த வாய் கொடுக்க வேண்டும்.

இதன் விளைவு வெட்டவெளிச்சமானது பக்கத்து மாநிலத்தில். 2020 செப்டம்பர் இறுதியில் திருவனந்தபுரத்தில் ஓர் அரசு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நோயாளியின் படுக்கைப் புண்களில் புழு வைத்திருந்தது. பொதுச் சுகாதாரத்தில் நாட்டுக்கே முன்னோடி என்று பேசப்பட்ட மாநிலம் அது. ஆகவே திறமைக் குறைவு, அலட்சியம் என்ற விளக்கங்களோடு நின்றுவிட முடியாது. படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். வழக்கமான காலத்தில் இதைச் செய்வது கூட இருக்கும் மகனோ மனைவியோதான். புரட்டிப் போட ஆள் இல்லாத இடத்தில் புண் வராமல் இருந்தால்தான் வியப்பு.

கேரள அரசு அடுத்து எடுத்த முடிவு கவனிக்கத் தக்கது. பணியாளர்கள் மீது நடவடிக்கை என்பதோடு நிற்காமல், அக்டோபரில், துணை தேவைப்படும் கோவிட் நோயாளிகளுக்கு உடனிருப்பவரை அனுமதிக்கலாம் என்று விதியை மாற்றியது. ஏற்கெனவே கோவிட் வந்து குணமான உறவினருக்கு முன்னுரிமை, எழுத்துமூல ஒப்புதல், பாதுகாப்பு உடை ஆகியவை நிபந்தனைகள். வெளியே போனது விருந்தாளியல்ல, வேலையாள் என்பதை ஓர் அரசு தன் ஆணையில் ஒப்புக்கொண்ட அரிய தருணமாக இதை நான் படிக்கிறேன்.

உச்ச நீதிமன்றமும் ஓரளவு இந்தப் பக்கம் வந்தது. கோவிட் நோயாளிகளின் சிகிச்சை, இறந்த உடல்களைக் கண்ணியமாகக் கையாளுதல் பற்றித் தானாக முன்வந்து விசாரித்த வழக்கில், 2020 ஜூன் 19 அன்று, விருப்பமுள்ள உதவியாளர் ஒருவரை மருத்துவமனை வளாகத்தில் இதற்கென ஒதுக்கிய இடத்தில் இருக்க அனுமதிக்க வேண்டும், விசாரணை மையம் வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆனால் வளாகம் வேறு, வார்டு வேறு. வளாகத்தில் இருப்பவர் தகவல் கேட்கலாம். புரட்டிப் போட முடியாது.

தமிழகத்தில் வளாகம்வரை வருவதற்கே முதலில் வழியில்லாமல் இருந்தது. மாவட்டம் விட்டு மாவட்டம் போக 2020 ஆகஸ்ட் முடியும்வரை இ-பாஸ் வேண்டும். சென்னையில் வேலை பார்த்த ஒருவர் அங்கேயே மருத்துவமனையில் சேர்ந்துவிட்டால், ஊரில் இருக்கும் குடும்பம் முதலில் இணையதளத்தோடு போராட வேண்டும்.

5. நோயாளியின் சித்தம்

தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவருக்குப் பகல் எது இரவு எது என்று தெரியாமல் போவது, இல்லாத ஆளோடு பேசுவது, ட்யூப்பைப் பிடுங்குவது போன்ற குழப்ப நிலையை மருத்துவர்கள் டெலிரியம் என்பார்கள். நம் வீடுகளில் ஜன்னி கண்டுவிட்டது என்பார்கள். இது வந்தால் செயற்கைச் சுவாசத்திலிருந்து விடுபடுவது தாமதமாகும். பிழைத்து வந்தபின்னும் நினைவாற்றல் மங்கியே இருக்கக்கூடும்.

பதினான்கு நாடுகளில் 69 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இருந்த 2,088 கோவிட் நோயாளிகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு டெலிரியம் வந்திருந்தது. பென்சோடயசெபைன் வகை மயக்க மருந்து தொடர்ந்து செலுத்தப்பட்டவர்களுக்கு அது கூடுதலாகவும், குடும்பத்தினர் நேரிலோ காணொளியிலோ தொடர்புகொண்ட நோயாளிகளுக்குக் குறைவாகவும் இருந்தது. மருந்தை மாற்றலாம், தட்டுப்பாடு இருந்தால் மாற்ற முடியாமலும் போகலாம். குடும்பத்துக்குத் தட்டுப்பாடு இல்லை. வாசலில் நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

இந்த முடிவை அப்படியே விழுங்கிவிடவும் கூடாது. இது கவனித்துப் பதிந்த ஆய்வு. யாரைப் பார்க்க அனுமதி கிடைத்தது என்பதிலேயே வேறுபாடு இருந்திருக்கலாம். பெருந்தொற்றுக்குச் சற்று முன்பு, 2019இல், பிரேசிலின் 36 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த சோதனை வேறு மாதிரிச் சொல்கிறது. ஒரு நாளில் 12 மணி நேரம்வரை உறவினர் இருக்கலாம் என்று தளர்த்திய காலத்தில் 18.9 விழுக்காட்டினருக்கும், கட்டுப்பாடான பழைய முறையில் 20.1 விழுக்காட்டினருக்கும் டெலிரியம் வந்தது. புள்ளியியல் கணக்கில் இது வித்தியாசமே இல்லை. ஆனால் இரண்டு செய்திகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். முதலாவது, அங்கே ஒப்பிடப்பட்டது சுமார் ஐந்து மணி நேர வருகையும் சுமார் ஒன்றரை மணி நேர வருகையும். ஒருவருமே வராத நிலை அந்தச் சோதனையில் இல்லை. இரண்டாவது, நேரத்தைக் கூட்டியதால் நோயாளிகளிடையே தொற்று குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை, உறவினர்களின் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன.

6. வெளியே நின்றவர்களின் மனம்

பிரான்சில் 23 தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் நோயாளிக் குடும்பங்களைத் தொண்ணூறு நாள் கழித்து விசாரித்தார்கள். கடும் நுரையீரல் செயலிழப்பு கோவிட்டால் வந்த நோயாளிகளின் உறவினரில் 35 விழுக்காட்டினரிடம் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தத்தின் அறிகுறிகள் இருந்தன. வேறு காரணத்தால் அதே நோய் வந்தவர்களின் உறவினரில் 19 விழுக்காடு. நோயின் கடுமை ஒன்றே, மனத்தில் விழுந்த வடு வேறு. அமெரிக்காவில் 12 மருத்துவமனைகளில் நடந்த இன்னோர் ஆய்வில் மூன்று மாதம் கழித்து இந்த விகிதம் 63 விழுக்காட்டைத் தாண்டியது.

இதை விளக்கச் சோகம் மட்டும் போதாது. நேரில் பார்த்துக்கொண்டிருக்கும் உறவினருக்கு நோயின் போக்கு படிப்படியாகப் புலப்படும்: நேற்று பேசினார், இன்று பேசவில்லை, டாக்டர் முகம் சரியில்லை. மனம் கொஞ்சம் கொஞ்சமாகத் தயாராகும். தொலைபேசியில் நாளுக்கு ஒருமுறை “ஸ்டேபிளா இருக்கார்” என்று கேட்டவருக்கு அடுத்த அழைப்பில் மரணச் செய்தி வந்தால், இடையில் நடந்தது எதுவும் அவரிடம் இல்லை. அந்த வெற்றிடத்தில் சந்தேகம் குடியேறும். தனியார் மருத்துவமனைகளில் பில் தொகையும் சேர்ந்துகொண்டால், “என்னதான் செஞ்சாங்க?” என்ற கேள்வி ஆண்டுக்கணக்கில் ஆறாது. உறவினர் வார்டில் இருப்பது மருத்துவமனைக்கும் ஒரு சாட்சி. அந்தச் சாட்சியை இழந்ததில் மருத்துவர்களும் தோற்றார்கள் என்பதை அவர்கள் தரப்பு இன்னும் உரக்கச் சொல்லவில்லை.

7. பிரசவ அறை

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். இங்கே தவறு சீக்கிரம் உணரப்பட்டது. நியூயார்க்கில் சில மருத்துவமனைகள் பிரசவத்துக்கும் துணையை மறுத்தபோது, 2020 மார்ச் இறுதியிலேயே ஆளுநர் குவோமோ ஆணையிட்டு அதை மாற்றினார். பிறந்த குழந்தையைத் தொற்றுள்ள தாயிடமிருந்து பிரிக்கும் வழக்கம்தான் கூடுதல் காலம் நீடித்தது. குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு அணைத்து வளர்க்கும் கங்காரு முறை எல்லாருக்கும் கிடைத்தால் 1,25,000க்கு மேற்பட்ட உயிர்களைக் காக்கலாம், கோவிட்டால் இறக்கக்கூடிய பச்சிளங்குழந்தைகளோ 2,000க்கும் குறைவு என்று உலக சுகாதார நிறுவனம் 2021 மார்ச்சில் கணக்குக் காட்டியது.

8. சாவும் முகம் பார்த்தலும்

8.1 விதி என்ன சொன்னது

இறந்த உடலைக் கையாள்வது பற்றிய இந்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல் 2020 மார்ச் 15 அன்றே வந்துவிட்டது. பலர் நினைப்பதற்கு மாறாக அது முகம் பார்ப்பதைத் தடுக்கவில்லை. பணியாளர் உரிய பாதுகாப்போடு பையின் ஜிப்பைத் திறந்து காட்டலாம். உடலைத் தொடாமல் மந்திரம் ஓதுவதற்கும் புனிதநீர் தெளிப்பதற்கும் இடமிருந்தது. குளிப்பாட்டவும் முத்தமிடவும் கட்டியணைக்கவும்தான் தடை.

8.2 நடந்தது என்ன

வாய்க்கரிசி போடாமல், கோடித்துணி போர்த்தாமல், முகத்தைக்கூடப் பார்க்காமல் அனுப்பிவைத்த குடும்பங்கள் தமிழகத்தில் எத்தனையோ. விதி அனுமதித்ததையே அச்சமும் அவசரமும் மறுத்தன. இரண்டாம் அலையில் ஆம்புலன்ஸ் வரிசையும் மயான வரிசையும் நீண்டிருந்தபோது ஜிப்பைத் திறக்கச் சொல்லிக் கேட்கும் துணிவு யாருக்கு இருக்கும்? எழுதிய விதியைவிட எழுதாத தடை கடுமையாக இருந்தது. இதில் குற்றவாளி என்று ஒருவரைக் கை காட்டுவது கடினம். விதியை வார்டு ஊழியருக்கும் குடும்பத்துக்கும் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கொடுத்திருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இங்கிலாந்திலும் இதே நிலைதான். லண்டனில் 2020 மார்ச் இறுதியில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் குடும்பத்தார் யாரும் அருகில் இல்லாமல் இறந்தான். ஏப்ரல் 15 அன்று, நெருங்கிய உறவினர் விடைபெற முடிந்தவரை வழி செய்யப்படும் என்று அப்போதைய சுகாதாரத் துறை அமைச்சர் மேட் ஹேன்காக் அறிவித்தார்.

9. கைபேசி என்னும் மாற்று

தடைக்கு ஈடாகக் காணொளி அழைப்பைக் காட்டுவது வழக்கம். இந்தியாவில் அந்த ஈடும் உடனே கிடைக்கவில்லை. மேற்கு வங்கம் 2020 ஏப்ரலில் கோவிட் மருத்துவமனைகளுக்குள் கைபேசிக்குத் தடை விதித்தது. உத்தரப் பிரதேசம் மே மாதம் தனிமை வார்டுகளில் அதையே செய்து, கண்டனம் எழுந்ததும் ஓரிரு நாளில் திரும்பப் பெற்றது. கைபேசி வழியே கிருமி பரவும் என்பது சொல்லப்பட்ட காரணம். வார்டின் நிலையைப் படம் பிடித்து வெளியிடுகிறார்கள் என்பது எல்லோரும் ஊகித்த காரணம். ஜூலை இறுதியில் மத்திய சுகாதாரத் துறை, நோயாளிகள் குடும்பத்தோடு பேசக் கைபேசியையும் டேப்லெட்டையும் அனுமதிக்குமாறு மாநிலங்களுக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

அனுமதி கிடைத்த இடத்திலும் யாருக்குப் பயன்பட்டது என்று பார்க்க வேண்டும். சார்ஜர் செருக ப்ளக் பாயிண்ட் கட்டிலருகில் இருக்க வேண்டும். கை நடுங்காமல் பிடிக்க வேண்டும். காது கேட்க வேண்டும். பட்டன் போன் வைத்திருக்கும் எழுபது வயதுப் பாட்டிக்கு இதில் எதுவும் பொருந்தாது. யாருக்குத் துணை மிக அவசியமோ அவருக்கே இந்த மாற்று எட்டவில்லை.

10. தளர்த்திப் பார்த்தவர்கள்

நெதர்லாந்து 2020 மார்ச் 20 அன்று முதியோர் பராமரிப்பு இல்லங்களில் வெளியார் வருகையை முழுதும் தடுத்தது. மே 11 முதல் 26 இல்லங்களில் மட்டும் வரம்புகளோடு திறந்து, ஒவ்வொன்றையும் ஆய்வாளர்கள் கவனித்தார்கள். முதல் மூன்று வாரத்தில் வருகையால் புதுத் தொற்று ஏற்பட்டதாக எந்த இல்லமும் கூறவில்லை. அந்நாட்டில் தொற்று இறங்கிக்கொண்டிருந்த காலம் என்பதையும் சேர்த்தே இதைச் சொல்ல வேண்டும். ஆனால் முழுத் திறப்பு, முழு மூடல் என்ற இரண்டே வழிகள்தான் உண்டு என்ற நம்பிக்கையை இது உடைத்தது. சோதனையாகத் திறந்து, எண்ணிப் பார்த்து, பிறகு விரிக்கலாம்.

தமிழகத்திலும் ஒரு சான்று உண்டு. யாரும் அதை அப்படிப் பார்க்கவில்லை. இரண்டாம் அலையின் உச்சத்தில், ஒரே நாளில் 36,000க்கு மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியான 2021 மே மாதத்தில், 30ஆம் தேதி முதல்வர் ஸ்டாலின் பாதுகாப்பு உடை அணிந்து கோவை இஎஸ்ஐ மருத்துவமனையின் கோவிட் வார்டுக்குள் போய் நோயாளிகளிடம் நலம் விசாரித்தார். நோயாளிகளுக்கும் பணியாளர்களுக்கும் தெம்பூட்டிய செயல் என்று அது பாராட்டப்பட்டது, பாராட்டு தகும். மருத்துவப் பணியாளர் அல்லாத ஒருவர் உரிய உடையோடு உள்ளே போய்வர முடியும் என்பதும் அன்று நிரூபணமானது. ஒரு மகனோ மகளோ அதே போல் போய்வர என்ன ஏற்பாடு வேண்டும் என்ற கேள்வி அங்கிருந்து எழுந்திருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் இப்போது இது சட்ட விதியாகிவிட்டது. மருத்துவமனை, முதியோர் இல்லம், இறுதிநிலைப் பராமரிப்பு இல்லம் ஆகியவற்றில் நோயாளியைப் பார்க்கவும் உடன் வரவும் வழி செய்ய வேண்டும், விதிவிலக்கான சூழலில் மட்டுமே மறுக்கலாம் என்ற ஒழுங்குமுறை 2024 ஏப்ரல் 6 முதல் நடப்பில் உள்ளது. அதை அப்படியே இங்கே பெயர்த்து நடக் கூடாது. அங்கே உறவினருக்கு உரிமை தேவைப்பட்டது. இங்கே அதோடு வேறு சிலவும் தேவை.

11. வேலையாள் என்று ஏற்றுக்கொண்டால்

அடுத்த தொற்றுக்கான திட்டத்தில், கூட இருப்பவரைப் பார்வையாளர் பகுதியிலிருந்து எடுத்துப் பணியாளர் பகுதியில் வைத்தால் பல முடிவுகள் தாமே மாறும். பார்வையாளரைத் தடுக்கலாம், மாலை நேரக் கூட்டத்தைத் தயங்காமல் தடுக்கலாம், கொரியா கற்றுத் தந்ததும் அதுதான். ஊட்டவும் புரட்டவும் ஆள் வேண்டிய நோயாளிக்கு மட்டும் பெயர் குறித்த ஒரே துணை, அடிக்கடி மாறாமல். அவருக்கு முகக்கவசம் போடவும் கழற்றவும் அரைமணி நேரப் பயிற்சி. தடுப்பூசி வந்தபின் முன்களப் பணியாளர் வரிசையில் இடம். படுக்கக் கட்டிலடி அல்லாத ஓர் இடம், கழிவறை, சாப்பாடு. இவ்வளவும் கொடுக்க முடியாதென்றால், அவர் செய்த வேலைக்குச் சம்பளத்துக்கு ஆள் போட வேண்டும். இரண்டும் செலவுதான். இரண்டையும் தவிர்த்துத் தடையை மட்டும் போடுவதும் செலவில்லாததல்ல. அந்தச் செலவைப் படுக்கைப் புண்ணாகவும் தூக்கமின்மையாகவும் வேறு யாரோ கட்டுகிறார்கள்.

ஒரு சிக்கலைத் தீர்க்காமலே விட வேண்டியிருக்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் மத்திய அரசு சுகாதாரப் பணியாளர்களுக்கு 50 லட்சம் ரூபாய் காப்பீடு அறிவித்தது. ஒப்பந்த ஊழியர், ஆஷா பணியாளர், பணிக்கு அழைக்கப்பட்ட தன்னார்வலர்வரை அந்தப் பட்டியல் நீண்டது. மனைவிக்குக் கஞ்சி ஊட்ட வார்டுக்குள் இருந்து தொற்று வாங்கிக்கொண்ட கணவர் அதில் இல்லை. அவரையும் சேர்த்தால் குடும்பக் கடமையை அரசு கூலியாக்குகிறது என்று ஒரு தரப்பு கேட்கும். சேர்க்காவிட்டால் ஆபத்தை மட்டும் பகிர்ந்துகொள்ளச் சொல்கிறது என்று இன்னொரு தரப்பு கேட்கும். செவிலியர் பணியிடங்களை நிரப்பிவிட்டால் இந்தக் கேள்வியின் அளவு சிறுக்கும். அதுவரை, கையில் பாஸோடு வார்டு வாசலில் நிற்பவர் யார் என்பதை எழுத்தில் வைக்க வேண்டிய பொறுப்பு சுகாதாரத் துறைக்கு இருக்கிறது.